படகுக்கு ஜன்னல் வைத்த கதை

ஜூன் பிறந்தால் தென்காசிப் பக்கம் ஆட்டோக்களுக்குப் புது உடுப்பு வந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும். குத்துக்கல்வலசையில் நிற்கிற ஆட்டோவானாலும் சரி, குற்றாலத்தில் நிற்கிற ஆட்டோவானாலும் சரி, இரண்டு பக்கமும் ரெக்சின் படுதா தொங்கும். அந்தப் படுதாவின் நடுவில் ஒரு சதுரம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் வருடம் அதில் ரோடு தெரியும். இரண்டாம் வருடம் ரோடு இருப்பது தெரியும். மூன்றாம் வருடம் அது வெறும் மஞ்சள் சதுரம்.

ஐந்தருவி போகிற வழியில் வெண்ணமடைக் குளத்தில் சீசன் நேரத்தில் படகு விடுவார்கள். சின்னப் படகுகள், திறந்த படகுகள். நனையத்தானே குற்றாலம் வருகிறார்கள், அதனால் அங்கே ஜன்னல் பிரச்சினை இல்லை. ஆனால் கொஞ்சம் பெரிய படகு, கொஞ்சம் பெரிய தண்ணீர் என்று வந்துவிட்டால் ஆட்டோவுக்கு இருக்கும் அதே கேள்வி படகுக்கும் வந்துவிடும். தண்ணீர் உள்ளே வரக்கூடாது. வெளிச்சம் உள்ளே வரவேண்டும். இதோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. அவசரம் என்றால் உள்ளே இருப்பவர் வெளியே போக முடிய வேண்டும்.

இந்த மூன்றில் முதல் இரண்டைத் தீர்க்க மனிதர்கள் எதையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள் என்பது ஒரு நீண்ட கதை. கல், சிப்பி, மீன், கற்பூரம், பெட்ரோலியம் எல்லாம் அதில் வருகின்றன. மூன்றாவதை மறந்ததற்குக் கொடுத்த விலை சமீப காலத்துக் கதை.

நம்முடைய பழைய கலங்களுக்கு ஜன்னல் கிடையாது. கட்டுமரத்துக்குச் சுவரே கிடையாது, ஜன்னலுக்கு எங்கே போவது? தூத்துக்குடித் தோணி பெரிய பாய்க்கப்பல்தான். ஆனால் அது சரக்குக்காகக் கட்டியது, ஆளுக்காக இல்லை. கேரளத்துக் கெட்டுவள்ளத்துக்கு மூங்கில் பாயால் வளைவான கூரை. காற்று வேண்டுமென்றால் பாயைத் தூக்கிவிடுவார்கள், மழை வந்தால் இறக்கிவிடுவார்கள். வெளிச்சமும் வேண்டும், மழையும் கூடாது என்று ஒருவர் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் கண்ணாடி மாதிரியான ஒரு பொருள் தேவைப்படுகிறது. நெல்லும் தேங்காயும் அப்படிக் கேட்பதில்லை. 1990களில் கெட்டுவள்ளத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறிய பிறகுதான் அதற்குக் கண்ணாடி ஜன்னலும் ஏசியும் வந்தன.

கண்ணாடிக்கு முன்னால் இருந்தது காக்காப்பொன். மணலில் மினுமினுக்குமே, அதேதான். சித்த மருத்துவத்தில் அப்பிரகம் என்பார்கள், இங்கிலீஷ் வழியாக வந்த பெயர் மைக்கா. பெரிய கட்டியாகக் கிடைத்தால் புத்தகத்தில் தாள் பிரிப்பது போல அதைத் தகடு தகடாகப் பிரிக்கலாம். ரஷ்யாவில் இதை ஜன்னலுக்குப் போட்டார்கள். மாஸ்கோ நாட்டுக் கண்ணாடி என்று ஐரோப்பியர்கள் சொன்னதால்தான் அந்தக் கனிமத்துக்கு இன்றும் மஸ்கோவைட் என்று பெயர். ரஷ்யப் போர்க்கப்பல்களில் கண்ணாடியை விட இதையே விரும்பினார்கள். காரணம் எளிது. பீரங்கி வெடிக்கும் அதிர்ச்சியில் கண்ணாடி பொடிப்பொடியாகிவிடும், மைக்கா வளைந்துகொடுத்து நிற்கும். ஆனால் நகம் பட்டாலும் கீறும், பெரிய தகடு கிடைப்பது கஷ்டம். நல்ல மைக்காவுக்கு இந்தியா உலகப் பெயர் பெற்ற இடம். இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா ஒன்று. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூர் இன்னொன்று.

அடுத்தது சிப்பி. பிளகூனா பிளசென்டா என்று அதற்கு அறிவியல் பெயர். உள்ளங்கை அளவில் தட்டையாக, அப்பளம் போல மெல்லியதாக இருக்கும். இதன் ஓட்டைச் சதுரமாக நறுக்கி மரச்சட்டத்தில் செருகிவிட்டால் பால் போன்ற வெளிச்சம் உள்ளே வரும். கோவாவின் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். பிலிப்பைன்ஸிலும் இதே வழக்கம் உண்டு. தமிழர் நிலத்தில் இந்தச் சிப்பிக்குப் பெயர் போன இடம் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள தம்பலகாமம் குடா. ஆனால் அங்கே ஜன்னலுக்காகக் குளிக்கவில்லை, அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன முத்துக்காகக் குளித்தார்கள். அந்த முத்துக்குளிப்பைப் பற்றி 1900களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்தார். 1920ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. சிப்பி, படகு இரண்டையும் அறிந்த ஒரே ஆள் அவர்தான் போலும்.

சிப்பியைப் படகிலேயே ஜன்னலாக வைத்தவர்கள் சீனர்கள். ஷாவ்சிங் என்ற ஊரில் வாய்க்கால்கள்தான் தெரு. அங்கே ஓடும் கறுப்புக் கூரைப் படகுகளில், மூங்கில் கூரைகளுக்கு நடுவே, இந்த ஓட்டுத் துண்டுகளைச் செருகிய சட்டங்களை வைத்திருந்தார்கள். அதற்கு மிங்வா என்று பெயர். வெளிச்ச ஓடு என்று தமிழில் சொல்லலாம். ஒரு படகில் இப்படி எத்தனை சட்டம் இருக்கிறதோ அதை வைத்தே படகுக்குத் தரம் பிரித்தார்கள். மூன்று ஓட்டுப் படகு, நான்கு ஓட்டுப் படகு என்று. நம்மூரில் ஏசி, நான்-ஏசி என்று பஸ்ஸைப் பிரிப்பது போல! ஜோவ் ஜூவோரென் என்ற எழுத்தாளர் 1926ல் தன் ஊர்ப் படகைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

சிப்பியில் வெளிச்சம் வரும், ஆனால் வெளியே இருப்பது தெரியாது. மழைக்கு அது போதும், கடலுக்குப் போதாது. எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவேண்டிய ஆள் கப்பலில் ஒருவராவது இருப்பாரே.

அதனால் கண்ணாடிதான் கடைசியில் ஜெயித்தது. கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஜன்னலைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் வட்டம்? கப்பலின் உடம்பு அலையில் முறுக்கிக்கொண்டே இருக்கும். சதுர ஓட்டை போட்டால் அந்த நான்கு மூலைகளிலும் அழுத்தம் குவிந்து விரிசல் அங்கேதான் தொடங்கும். வட்டத்துக்கு மூலை இல்லை. கண்ணாடி விரலளவு தடிமனாக இருக்கும், பித்தளைச் சட்டம், அதற்கு உள்பக்கம் ஒரு இரும்பு மூடி. புயல் வந்தால் மூடியை இறக்கித் திருகிவிடுவார்கள். கண்ணாடியை நம்பாமல் கூடவே ஒரு கதவையும் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வட்ட ஜன்னலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலைப் பற்றி நம் தாத்தா காலத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். 1926ல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில்தான் போய்வந்தார்கள். பெரும்பாலோர் டெக் டிக்கெட். கேபின் டிக்கெட்காரருக்கு வட்ட ஜன்னல். டெக் டிக்கெட்காரருக்குப் பாய், டிரங்குப் பெட்டி, கடல் காற்று.

சரி, சின்னப் படகுக்கு வருவோம். இரும்பு மூடியும் பித்தளைச் சட்டமும் சின்னப் படகுக்கு ஆகாது. கண்ணாடியின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. தடிமன் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. படகைச் சுற்றி 10 சதுர மீட்டர் ஜன்னல் வைத்தால் 150 கிலோ. அதாவது எந்நேரமும் இரண்டு பெரிய ஆள் மேல்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். படகில் எடை மேலே ஏற ஏற கவிழ்வது சுலபமாகும். வளையும், சுருட்டலாம், தைக்கலாம், இலேசாக இருக்கும் என்கிற மாதிரி ஒன்று தேவைப்பட்டது.

இங்கேதான் மீன் வருகிறது. அமெரிக்காவில் படகுக்குப் போடும் கண்ணாடி ஷீட்டை இன்றும் பழைய ஆட்கள் ஐசிங்கிளாஸ் என்கிறார்கள். ஐசிங்கிளாஸ் என்பது உண்மையில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை. நம் மீனவர்கள் நெட்டி என்பார்களே, அது. பீரையும் ஒயினையும் தெளியவைக்கப் பயன்படும், நெட்டிக்கு ஏற்றுமதியில் நல்ல விலையும் உண்டு. காய்ந்த பசைத் தகடு மைக்கா போலத் தெரிந்ததால் மைக்காவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மைக்காவுக்குப் பதிலாக வேறு பொருள் வந்தபோது அதற்கும் அதே பெயர். பொருள் மூன்று முறை மாறிவிட்டது, பெயர் மட்டும் மீன் வயிற்றிலேயே இருக்கிறது.

அந்த வேறு பொருள் செல்லுலாய்டு. ஜான் வெஸ்லி ஹயாத் என்ற அமெரிக்கர் 1870ல் காப்புரிமை வாங்கினார். நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பருத்தியும் கற்பூரமும் கலந்தது. ஆமாம், சாமிக்கு ஏற்றும் அதே கற்பூரம்தான். பழைய திறந்த மோட்டார் கார்களுக்கு மழைக்குத் திரை மாட்டுவார்கள், அந்தத் திரையின் நடுவில் செல்லுலாய்டு சதுரம். இன்றைய ஆட்டோ படுதாவின் கொள்ளுத் தாத்தா அது. மஞ்சளாகும், விரிசல் விடும், எல்லாவற்றுக்கும் மேல் சட்டென்று தீப்பிடிக்கும். பழைய சினிமா ஃபிலிமும் இதே குடும்பத்துப் பொருள்தான். நம் மௌனப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லாமல் போனதற்கு இந்தப் பொருளின் குணமும் ஒரு காரணம். இதைப் படகில், அதுவும் பெட்ரோல் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

1930களில் அக்ரிலிக் வந்தது. ஜெர்மனியில் ப்ளெக்ஸிகிளாஸ், இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ். கண்ணாடியில் பாதி எடைகூட இல்லை. 100 பங்கு வெளிச்சத்தில் 92 பங்கு உள்ளே விடும், சாதாரணக் கண்ணாடியை விடக் கொஞ்சம் அதிகம். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் போர்விமானங்களுக்கு விமானியைச் சுற்றிக் கூண்டு போல இதைத்தான் வைத்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. படகை விட்டு விலகிப் போகிறது, ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. குண்டு பட்டு விமானக் கூண்டு உடைந்தபோது சில விமானிகளின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் போய்விட்டன. சாதாரணமாகக் கண்ணுக்குள் தூசி போனாலே சிவந்து வீங்கும். இந்தத் துண்டுகள் மட்டும் கண்ணை உறுத்தாமல் சும்மா இருந்தன. ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் இதைக் கவனித்தார். கண்புரை அறுவையில் லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதே பொருளால் செய்த லென்ஸை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1949 நவம்பர் 29ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்தும்விட்டார். பல வருடங்கள் பெரிய டாக்டர்கள் அவரைத் திட்டினார்கள், பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பாக 1992ல் ஆரோலேப் தொடங்கியது. அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் இங்கேயே தயாரானது. திருநெல்வேலி அரவிந்தில் புரை எடுத்துவிட்டுக் குத்துக்கல்வலசைக்குத் திரும்பும் ஒரு பாட்டியின் கண்ணுக்குள் பழைய மாதிரி கடின லென்ஸ் இருந்தால், படகு ஜன்னலும் அந்த லென்ஸும் ஒரே பொருள்தான்.

திரும்பப் படகுக்கு. அக்ரிலிக்கின் பிரச்சினை வெயில் இல்லை, வெயிலை அது நன்றாகவே தாங்கும். பிரச்சினை திருகாணி. வெப்பத்தில் அக்ரிலிக் கண்ணாடியை விட ஏழெட்டு மடங்கு அதிகமாக நீளும். ஒரு மீட்டர் நீளத் தகடு, காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 2 மி.மீ. நீண்டு சுருங்கும். தச்சர் மரத்துக்குப் போடுவது போல இறுக்கித் திருகாணி போட்டுவிட்டால் தகட்டுக்கு நகர இடமில்லை. ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் தொடங்கிவிடும். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு நடுவில் ரப்பர் வாஷர் வைப்பது இதற்காகத்தான். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எது பட்டாலும் அதன் முகம் கெட்டுவிடும்.

அக்ரிலிக்கைச் சுருட்ட முடியாது. சுருட்டும் ஜன்னல் பிவிசியிலிருந்து வந்தது.

பிவிசி 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த பொருள்தான். ஆனால் கல் போல, உடையக்கூடியதாக, யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்தது. 1926ல் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்பவர் ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பிவிசியை ஒரு எண்ணெயில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை, ஆறின பிறகு ரப்பர் போல வளையும் ஒன்று கிடைத்தது. இதை வைத்து என்ன செய்வது என்று மேலதிகாரிக்குப் புரியவில்லையாம். சீமன் வீட்டுத் திரைத்துணியில் இதைப் பூசி எடுத்துக்கொண்டு போய், அதிகாரியின் மேசைக் காகிதங்கள் மேல் விரித்து, ஒரு கூஜா தண்ணீரை அதில் ஊற்றினார் என்று ஒரு கதை உண்டு. காகிதம் நனையவில்லை. பிவிசியின் முதல் விளம்பரமே ஒரு மழைப் படுதாதான்!

அந்த குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடுதான் 1967ல் நம் மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் பிவிசி ஆலை ஓடத் தொடங்கியது. அதே மேட்டூர் அணைக்கு மேலே, ஒகேனக்கலில், மூங்கில் பரிசலுக்கு முன்பெல்லாம் மாட்டுத்தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட். தோல் போய் பிளாஸ்டிக் வந்ததைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை.

பிவிசியை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள். மெதுவான பிவிசியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுதான். அது பிவிசியோடு வேதியியலாகப் பிணைந்தது இல்லை, சும்மா ஊறியிருக்கிறது. அதனால் வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். முதலில் பிசுபிசுப்பு, அதில் தூசி ஒட்டும். பிறகு ஷீட் சுருங்கி விறைக்கும். இன்னொரு பக்கம் சூரியனின் புற ஊதாக் கதிர் பிவிசியையே உடைத்து மஞ்சளாக்கும். ஆட்டோவின் மூன்றாம் வருட மஞ்சள் சதுரத்துக்கு இதுதான் காரணம். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் பாவம்.

படகுக்கு வாங்கும்போது பார்க்கவேண்டியது தடிமன், தெளிவு, வெயில் தாங்க மருந்து சேர்த்ததா என்பவை. பல ஊர்களில் படகுக்கு முக்கால் மி.மீ. முதல் 1 மி.மீ. வரை போடுகிறார்கள். அரை மி.மீ. ஷீட் ஆட்டோவுக்குப் போதும், கடல் காற்றில் படபடவென்று அடித்தே கிழிந்துவிடும். ரோலில் வருகிற மலிவு ஷீட்டில் பார்த்தால் எதிரே உள்ள மரம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். மெருகேற்றிய தகடுகளுக்கு நடுவே அழுத்தித் தயாரித்த ஷீட்டில் அந்த நெளிவு இருக்காது, விலை அதிகம். படகு ஓட்டுபவரின் எதிரே மட்டுமாவது நல்ல ஷீட் போடுவது புத்திசாலித்தனம். பக்கவாட்டில் மலிவு போதும்.

வாங்கின பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் துடைக்கிற கைதான். கடல் தெறித்துக் காய்ந்தால் உப்புப் பரல் நிற்கும். வறண்ட துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்தது போல ஆகிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகுதான் பருத்தித் துணி. மண்ணெண்ணெய் கூடவே கூடாது. ஷீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் இருந்தால் வெயிலில் குழாய் சூடாகி ஷீட்டில் தழும்பு விழும். இத்தனையும் பார்த்துச் செய்தாலும், பல நேரம் ஷீட்டுக்கு முன்னால் தையல் நூல் வெயிலில் உளுத்துவிடும். ரெக்சின் கடைக்காரரைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்.

1953ல் பாலிகார்பனேட் வந்தது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வருடத்தில் கண்டுபிடித்தார்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி, சிடி எல்லாம் இதுதான். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. அக்ரிலிக்கை விடச் சீக்கிரம் கீறும், மேலே பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். ஆனாலும் உடையாது என்ற ஒரு குணத்துக்காகவே படகுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள்.

உடையாது என்பது எப்போதும் நல்ல குணமா?

ஆம்னி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சின்னச் சுத்தியல் தொங்குமே, அது வேலை செய்வது டஃபன்ட் கண்ணாடியில் மட்டும்தான். அடித்தால் அது கல்கண்டு போல உதிர்ந்துவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை அடித்தால் சிலந்திவலை போல விரிசல் விடும், ஆனால் உதிராது. பாலிகார்பனேட்டை அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வரும். தைத்துக் கட்டிய பிவிசி ஷீட்டை அடித்தால் அது தொட்டில் துணி போல அமுங்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்கு இவை மூன்றும் சுவர்.

இதை உலகம் கற்றுக்கொண்டது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போருக்காக நிலத்திலும் நீரிலும் ஓடும் லாரிகளை 1942 முதல் தயாரித்தார்கள், சுமார் 21,000 வண்டிகள். போர் முடிந்ததும் அவற்றில் பல சுற்றுலாவுக்கு வந்தன. வாத்து வண்டி என்று செல்லப் பெயர். மேலே நிலையான கூரை, பக்கவாட்டில் மழைக்குச் சுருட்டி இறக்கும் கண்ணாடி ஷீட் திரைகள்.

1999 மே 1ஆம் தேதி ஆர்கன்சா மாநிலத்து ஏரி ஒன்றில் மிஸ் மெஜஸ்டிக் என்ற வாத்து வண்டி மூழ்கியது. 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். கூரைக்கு அடியில் சிக்கியவர்கள் வெளியே வர முடியவில்லை. லைஃப் ஜாக்கெட் ஆளை மேலே தூக்கும். மேலே கூரை இருந்தால் அது ஆளைக் கூரையோடு சேர்த்து அழுத்தும். காப்பாற்ற வேண்டியதே கட்டிப்போடுகிறது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி இந்த வண்டிகளை மாற்றவேண்டும், அதுவரை கூரையையும் பக்கத் திரைகளையும் எடுக்கவேண்டும் என்று சொன்னது. பெரும்பாலானவர்கள் எடுக்கவில்லை. மழை பெய்தால் டிக்கெட் விற்காதே.

2018 ஜூலை 19, மிசௌரி மாநிலம், பிரான்சன் ஊருக்குப் பக்கத்தில் டேபிள் ராக் ஏரி. புயல் எச்சரிக்கை இருந்தும் ஸ்ட்ரெட்ச் டக் 7 என்ற வண்டி 31 பேரோடு தண்ணீருக்குள் இறங்கியது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. உள்ளே இருப்பவர்கள் நனையாமல் இருக்கத் திரைகளை இறக்கிவிட்டிருந்தார்கள். இந்தத் திரை காற்றுக்குப் பாய் போல. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டரில் சுமார் ஏழரைக் கிலோ அழுத்தம்தான். 110 என்றால் சுமார் 57 கிலோ. வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, அழுத்தம் ஏழு மடங்குக்கு மேல். வண்டி மூழ்கியது. 17 பேர் இறந்தார்கள், அதில் 9 பேர் ஒரே குடும்பம். நிலையான கூரையும் மூடியிருந்த பக்கத் திரையும் தப்பிப்பதைத் தடுத்தன என்று அதே வாரியம் திரும்பவும் எழுதியது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்றில்தான் இந்த வண்டிகளின் கூரையையும் திரையையும் எடுக்கவேண்டும் என்பது கட்டாயமானது. முதல் விபத்திலிருந்து 23 வருடம்.

பிரான்சன் நம்மூர் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30ல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பலர் உள்ளேயே சிக்கினார்கள். 2023 மே 7ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் அட்லாண்டிக் என்ற படகு கவிழ்ந்து 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்கு மாற்றிக் கட்டியது அது. மீன்பிடிப் படகில் அடைத்த அறையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றுலாவுக்கு மாற்றும்போது மேலே ஒரு தளம், சுற்றிலும் அடைப்பு, ஜன்னல் என்று எல்லாம் சேரும். வழி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும்.

தென்காசியிலிருந்து தேக்கடி பக்கம்தான். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே அங்கும் போவார்கள். படகில் ஏறும் முன் ஜன்னலைப் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே இருந்து ஒரு கையால், கருவி இல்லாமல், இருட்டில், இதைத் திறக்க முடியுமா? தள்ளினால் சட்டத்தோடு வெளியே விழும் அக்ரிலிக் பலகை, மேலே மட்டும் மாட்டிக் கீழே பட்டனோ வெல்க்ரோவோ வைத்த பிவிசி படுதா, இவையெல்லாம் இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. நாலா பக்கமும் ஜிப் வைத்த அடைப்பு அழகாக இருக்கும், மழை ஒரு சொட்டு வராது. ஆனால் உப்பு ஏறிய ஜிப் சாதாரண நாளிலேயே நகராது.

படகு ஜன்னலில் கடைசி வகை ஒன்று பாக்கி. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே வனத்துறை விடும் படகில் ஜன்னல் பக்கவாட்டில் இல்லை, தரையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம். வலசை என்றால் இடம் பெயர்ந்து போய்க் குடியேறுவது. அந்தக் கடற்கரையில் வலசை என்று முடியும் ஊர்கள் நிறைய, குத்துக்கல்வலசை அவற்றுக்கு மலைப்பக்கத்துச் சொந்தம். தரை ஜன்னலில் மணல் உரசிக் கீறல் விழத்தான் செய்யும். ஆனால் கீழ்ப்பக்கத்தில் கீறலுக்குள் தண்ணீர் நிரம்பிவிடுவதால் ஒளி அதிகம் சிதறாது, பவளம் தெளிவாகவே தெரியும். படகைக் கரையில் ஏற்றி ஜன்னல் காய்ந்த பிறகுதான் எத்தனை கீறல் என்று எண்ண முடியும்.

ஆட்டோ படுதாவுக்கு அந்தச் சலுகை இல்லை. செப்டம்பரில் சாரல் நின்றதும் படுதாவைக் கழற்றி, கழுவி, நிழலில் காயவைத்து, நடுவில் ஒரு பழைய வேட்டியை வைத்துச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டால், அடுத்த ஜூனிலும் அந்தச் சதுரத்தில் ரோடு தெரியும்.